கண்ணாடியும் பந்தியும்: தற்சோதனைக்குரிய இரு வேதப்பகுதிகள்

தமிழ்க் கிறித்தவர்கள் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளும் வேளையில் பெரும்பாலும் இரண்டு வேதப்பகுதிகளை நாடுகிறார்கள். திருவிருந்தில் பங்குபெறுமுன் ஒவ்வொருவரும் தம்மை ஆராய வேண்டும் என்னும் 1 கொரிந்தியர் 11:28 ஒன்று. வசனத்தைக் கேட்டும் அதன்படி நடவாதவரைக் கண்ணாடி பார்த்துத் தன் முகச்சாயலை மறந்துவிடும் ஆளோடு ஒப்பிடும் யாக்கோபு 1:23-24 மற்றொன்று. ஆயத்த ஆராதனையிலும் உபவாசக் கூட்டங்களிலும் இவற்றை வாசித்ததும் கோபம், பொறாமை, இச்சை, ஜெபக்குறைவு என்று உள்ளத்தின் பட்டியல் நீள்கிறது. பட்டியலில் பிழையில்லை. ஆனால் இவ்விரு பகுதிகளும் தத்தம் இடத்தில் வைத்து வாசிக்கப்பட்டால் முதலில் கேட்பது வேறு கேள்வி: பந்தியில் யார் எங்கே உட்கார்ந்தார்கள், யார் பசியோடு திரும்பினார்கள்?

கொரிந்துச் சபையில் இராப்போஜனம் வயிறார உண்ணும் விருந்தோடு சேர்ந்தே நடந்தது. வசதியுள்ளவர்கள் தங்கள் உணவை முந்தி உண்டுவிட, இல்லாதவர்கள் பட்டினியாக இருந்தார்கள். சிலர் குடித்து வெறித்திருந்தார்கள் (11:21). இதை அச்சபையின் வர்க்கப் பிளவாகப் புதிய ஏற்பாட்டு அறிஞர் கெர்ட் தைசன் 1970களில் விரிவாக விளக்கினார். தன்னை ஆராயும்படி பவுல் சொல்வது இந்தக் குற்றச்சாட்டுக்குப் பிறகுதான். பகுதி முடிகிற இடத்தில் (11:33) அவர் கேட்கும் பரிகாரம் மிக எளியது: கூடி உண்ண வரும்போது மற்றவர்களுக்காகக் காத்திருப்பது. அப்பகுதியில் பேசப்படும் ‘சரீரம்’ சபையையும் குறிக்கலாம் என்பதற்கு அடுத்த அதிகாரமே இடம் தருகிறது.

யாக்கோபில் இது இன்னும் வெளிப்படை. கண்ணாடி உவமை முடிந்த சில வசனங்களில் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் வருகிறார்கள். உடனே பொன்மோதிரம் அணிந்தவருக்கு நல்ல இருக்கையும், கந்தை உடுத்திய ஏழைக்கு நிற்க இடமோ கால்மாட்டில் ஓர் இடமோ தரும் சபை வருகிறது (2:2-3). இடையில் நிற்கும் அதிகாரப் பிரிவு 13ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நிருபத்தை எழுதியவருக்கு அது தெரியாது. முதல் அதிகாரத்தோடு வாசிப்பை நிறுத்துகிறவர் கண்ணாடியைப் பார்க்கிறார், அதில் தெரிய வேண்டிய முகத்தைப் பார்ப்பதில்லை.

உள்நோக்கிய இந்த வாசிப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. பவுலைக் குற்றவுணர்வால் வதைபட்டவராகப் பார்ப்பது அகுஸ்தீனுக்கும் லூத்தருக்கும் பின் வந்த மேற்கத்தியப் பழக்கம் என்று புதிய ஏற்பாட்டு அறிஞர் கிறிஸ்டர் ஸ்டெண்டால் 1963இல் வாதிட்டார். அவர் வாதம் உரோமர் 7ஆம் அதிகாரத்தையே பெரிதும் சுற்றியது. கொரிந்தியருக்கும் அது பொருந்தும் என்பது என் கருத்து. தமிழகத்திலோ தற்சோதனை கேள்வி வடிவில் வந்தது. முத்துக்குளித்துறையில் பணியாற்றிய அண்டிரிக் அடிகளார் 1580இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் நூல். முழு வேதாகமம் தமிழில் கிடைப்பதற்கு வெகுகாலம் முன்பே, கட்டளைகளை அளவுகோலாகக் கொண்ட ஆத்தும சோதனை இங்கே தொடங்கிவிட்டது. 1706இல் தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு வழியாக ஜெர்மனியின் ஹாலே நகரப் பக்தி இயக்கத்தின் மனந்திரும்புதல் வலியுறுத்தலும் இதனோடு சேர்ந்தது.

இத்தனை சோதனைக்கும் சாதி தப்பியது. தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் சபையாரைத் தனித்தனியே அமர்த்தும் வழக்கத்தை மிஷனெரிமாரே பொறுத்துக்கொண்டார்கள். கல்கத்தா பேராயர் தானியேல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பியதும் தஞ்சையிலும் வேப்பேரியிலும் எதிர்ப்பு எழுந்தது; பலர் விலகிச் சென்றார்கள். அந்த வேறுபாடு சமயம் சாராத குடிமை வழக்கம் என்று வாதிட்டவர்களில் கிறித்தவக் கவிஞர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியாரும் ஒருவர். அவருடைய பக்தியைச் சந்தேகிக்க யாருக்கும் காரணமில்லை, சிக்கலே அதுதான். இவர்களைக் கபடதாரிகள் என்று ஒதுக்கினால் வரலாறு எளிதாகிவிடும். இருக்கை அவர்களுடைய சோதனைப் பட்டியலில் இல்லாததால் அதைப் பற்றி மனச்சாட்சி உறுத்தவில்லை என்பதே பொருத்தமான விளக்கமாகப் படுகிறது. அதற்காக வில்சனின் வழியையும் மெச்ச முடியாது. சபையாரே தம்மைச் சோதித்துக் காண வேண்டியதைக் கல்கத்தாவிலிருந்து வந்த ஆணை கண்டுதரவில்லை.

இருதயத்தை ஆராயும்படி தேவனிடம் மன்றாடும் 139ஆம் சங்கீதம் இருக்க, அகச்சோதனையைக் குறைத்துப் பேசலாமா என்று கேட்கலாம். அகச்சோதனை வேண்டியதே. அது எங்கிருந்து தொடங்குகிறது என்பதுதான் கேள்வி. மத்தேயு 5:23-24இல் காணிக்கையோடு பீடத்துக்கு வந்தவனுக்குத் தன் மனநிலை நினைவுக்கு வருவதில்லை. தன்மேல் சகோதரனுக்குள்ள குறை நினைவுக்கு வருகிறது. சாட்சியம் மற்றவரிடம் இருக்கிறது. லூத்தரின் சிறிய ஞானோபதேசமும் பாவ அறிக்கைப் பகுதியில் தகப்பன், தாய், எஜமான், வேலைக்காரர் என்று அவரவர் நிலையை வைத்தே ஆராயச் சொல்கிறது. சொல்லாலோ செயலாலோ யாருக்குத் தீங்கு செய்தாய் என்று கேட்கிறது. இந்தக் கேள்விக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்ணின் சம்பளமும், அவர் தேநீர் குடிக்கும் தனிக் குவளையும், கல்லறைத் தோட்டத்தின் தனி மூலையும் பதிலாக வரலாம். சபையார் சேர்ந்து சொல்லும் பொது அறிக்கை ஜெபத்தில் இவை எதற்கும் பெயர் இல்லை.