இடம் மாறினால் ஆட்டம் முடிந்துவிடுமா?

கிளிநொச்சியில் பாடசாலை உதைபந்தாட்டப் போட்டி ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முன்களத்தில் ஆடிய மாணவனை இடைவேளைக்குப் பின் பின்களத்தில் நிறுத்தினார் பயிற்றுவிப்பாளர். பக்கத்தில் நின்ற தகப்பன் ஒருவர், "பெடியனை ஓரங்கட்டிப்போட்டாங்கள்" என்றார். இடமாற்றத்தைத் தண்டனையாகவே பார்க்கிறோம். விளையாட்டின் வரலாறு வேறுவிதமாகச் சொல்கிறது.

பாடசாலையில் அதிவேகமாக ஓடும் பிள்ளைக்கே முக்கியமான இடம் கிடைக்கும். அந்த வேகம் மற்றக் குறைகளை மறைத்துவிடும். மேல்மட்டத்தில் எல்லோருமே வேகமானவர்கள். அங்கே அந்த இடத்துக்குரிய நுட்பம்தான் கேட்கப்படும்.

அமெரிக்க உதைபந்தாட்டத்தில் இது வழமையான விடயம். அணியை நடத்தி, பந்தை எறிபவர் 'குவாட்டர்பேக்'. கல்லூரியில் அந்த இடத்தில் ஆடிய ஜூலியன் எடெல்மன், 2009இல் தொழில்முறை அணிக்குத் தெரிவானபோது பந்தைப் பிடிப்பவராக மாற்றப்பட்டார். பத்து ஆண்டுகளின் பின், 2019 சுப்பர் போல் இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் அவர்தான்.

எங்களுக்குப் பக்கத்திலும் உதாரணங்கள் உண்டு. முத்தையா முரளிதரன் கண்டி புனித அந்தோனியார் கல்லூரியில் மிதவேகப் பந்துவீச்சாளராகவே தொடங்கினார். 14 வயதில் பயிற்றுவிப்பாளர் சுனில் பெர்னாண்டோவின் சொற்படி சுழற்பந்துக்கு மாறினார். டெஸ்ட் போட்டிகளில் 800 விக்கெட்டுகள் அந்த முடிவிலிருந்து வந்தவை. சனத் ஜயசூரிய பந்துவீச்சாளராகக் கருதப்பட்டு, பின்வரிசையில் துடுப்பெடுத்தாடியவர். ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக உயர்த்தப்பட்ட பின், 1996 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகனானார்.

பழைய திறமையும் வீணாவதில்லை. ஆரம்பத் துடுப்பாட்ட வீரராக வளர்ந்த சென்னை அஸ்வின், சுழற்பந்துவீச்சாளராக 537 டெஸ்ட் விக்கெட்டுகள் எடுத்தார். கூடவே ஆறு டெஸ்ட் சதங்களும் அடித்தார்.

வன்னிப் பிள்ளைகளுக்கு நெருக்கமான கதை வருண் சக்கரவர்த்தியுடையது. பாடசாலைக் காலத்தில் விக்கெட் காப்பாளர். பிறகு கிரிக்கெட்டை விட்டு கட்டடக்கலை படித்தார். திரும்பி வந்து வேகப்பந்து வீசினார். முழங்கால் காயத்துக்குப் பின் சுழற்பந்துக்கு மாறினார். 2021இல் இந்திய அணிக்கு ஆடினார். அவர் திரும்பி வந்தபோது கழகங்களும் தமிழ்நாடு பிரீமியர் லீக்கும் இருந்தன.

எங்களிடம் குறைவாக இருப்பது அந்த இரண்டாவது வாசல்தான். 2009க்குப் பின் மீள்குடியேறிய ஊர்களில் மைதானங்கள் திரும்பின, பிள்ளைகளும் திரும்பினார்கள். ஆனால் 20 வயதுப் பிரிவு முடிந்ததும் பலருக்கு விளையாட்டும் முடிகிறது. 14 வயதில் கிடைத்த இடத்திலேயே கடைசிவரை ஆடி, வேறெதற்குப் பொருத்தம் என்று தெரியாமலே வேலை தேடிப் போகிறார்கள்.

செலவில்லாமல் செய்யக்கூடியவை உண்டு. சிறுவயதுப் பிரிவில் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டு மூன்று இடங்களில் ஆடவிடலாம். மாற்றும்போது ஏன் என்று பிள்ளைக்கும் பெற்றோருக்கும் சொல்லலாம். ஒரு போட்டியை வைத்து முடிவெடுக்காமல் ஒரு பருவகாலமாவது பொறுக்கலாம். ஊர்க் கழகங்கள் பாடசாலையை விட்டு விலகியவர்களையும் பயிற்சிக்குக் கூப்பிடலாம்.

அன்று பின்களத்துக்குப் போன மாணவன் எதிரணியின் இரண்டு நல்ல வாய்ப்புகளைத் தடுத்தான். தகப்பன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. கை தட்டினார்.