மணிலா வாத்து: பெயரும் அடையாளமும்

மணிலா வாத்து என்பது தமிழ்நாட்டில் வீடுகளிலும் தோட்டங்களிலும் வளர்க்கப்படும் அயல்நாட்டு வாத்து வகை. பருத்த உடல், கறுப்பும் வெள்ளையும் கலந்த சிறகு, கண்ணையும் அலகின் அடியையும் சுற்றிச் சிவந்து முடிச்சு முடிச்சாகத் தடித்த தோல் ஆகியவை இதன் தோற்றம். வளர்ப்பவர் கையிலிருந்து தப்பி ஊருணியிலோ கண்மாயிலோ தனியே நீந்தும்போது, கண்டவருக்கு இது எந்த நாட்டுப் பறவை என்ற ஐயம் எழுவது இயல்பு. இராமநாதபுரம் மாவட்டத்தில் அந்த ஐயத்துக்குக் கூடுதல் காரணம் உண்டு. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்தங்கல் எனப் பறவைகள் சரணாலயங்களாக அறிவிக்கப்பட்ட கண்மாய்கள் பல இங்கே இருக்கின்றன. குளிர்காலத்தில் வலசைப் பறவைகள் வந்திறங்கும் நீர்நிலைகள் உள்ள ஊரில், புதிய வாத்து எதைக் கண்டாலும் அதுவும் வெளிநாட்டிலிருந்து பறந்து வந்ததே என்று எண்ணிவிடத் தோன்றும்.

பெயரின் பயணம்

இந்த வாத்துக்கும் மணிலாவுக்கும் பிறப்புத் தொடர்பு கிடையாது. இதன் தாயகம் மெக்சிகோ முதல் அர்கெந்தீனா வரையிலான அமெரிக்க வெப்பநிலக் காடுகளின் நீர்நிலைகள். ஐரோப்பியர் அங்கே கால்வைப்பதற்கு முன்பே அம்மண்ணின் மக்கள் இதைப் பழக்கி வளர்த்துவந்தனர். ஐரோப்பாவுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பின்னர் ஊர் ஊராகப் பெயர் மாறியது. இத்தாலிய அறிஞர் அல்ட்ரோவாண்டி 1600ஐ ஒட்டிய ஆண்டுகளில் கெய்ரோ வாத்து என்றும் இந்திய வாத்து என்றும் எழுதினார். ஆங்கிலேயர் மாஸ்கோவை நினைவூட்டும் மஸ்கோவி என்ற பெயரைச் சூட்டினர். லின்னேயசு 1758இல் கத்தூரி மணத்தைக் குறிக்கும் மொஸ்காட்டா என்ற சொல்லை வழங்கினார். பின்னர் பேரினப் பெயராகக் கைரினா சேர்ந்தது. அதன் பொருள் கெய்ரோவைச் சார்ந்தது என்பதே. ஆக, இன்றைய அறிவியல் பெயரான கைரினா மொஸ்காட்டாவிலும் ஒரு தவறான ஊர் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தமிழில் வழங்கும் மணிலா என்ற அடைமொழியை மலாய் மொழியிலும் காணலாம். அங்கே இது 'இதிக் மணிலா'. 1565 முதல் 1815 வரை எசுப்பானியக் கப்பல்கள் மெக்சிகோவின் அகபுல்கோவுக்கும் மணிலாவுக்கும் இடையே ஓடின. அமெரிக்கப் பயிர்கள் பல ஆசியாவுக்கு வந்த வழிகளில் அதுவும் ஒன்று. இந்த வாத்தும் அவ்வழியே வந்திருக்கக் கூடும். வேர்க்கடலையை வடதமிழ்நாட்டில் மணிலாக்கொட்டை என்பதும், அது மருவி மல்லாட்டை ஆனதும் பலர் அறிந்தவை. அக்கடலையும் தென்னமெரிக்காவினதே. சரக்கு ஏறிய துறைமுகத்தின் பெயர், விளைந்த மண்ணின் பெயரை மறைத்துவிட்டது.

அடையாளம் காணுதல்

மணிலா வாத்தோடு குழப்பிக்கொள்ளக்கூடிய இந்தியப் பறவை ஒன்று உண்டு. ஆணின் அலகின்மேல் கரிய சதைப்புடைப்பு எழுந்து நிற்பதால் அதைப் புடைமூக்கு வாத்து எனலாம். அதன் முதுகும் இறக்கையும் பளபளக்கும் கறுப்பு, வயிறு வெள்ளை, வெள்ளைத் தலையிலும் கழுத்திலும் கரும்புள்ளிகள் சிதறியிருக்கும். பெண்ணுக்குப் புடைப்பு இல்லை. தொலைவிலிருந்து பார்த்தால் கறுப்பு, வெள்ளை, பெரிய உடல் என்று இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும்.

முதலில் பார்க்க வேண்டியது முகத்தை. சிவப்புத் தோல் இருந்தால் அது மணிலா வாத்து. புடைமூக்கு வாத்தின் முகத்தில் சிவப்பே இராது. மணிலா வாத்தின் இறக்கையில் பெரிய வெள்ளைத் திட்டு உண்டு. புடைமூக்கு வாத்தின் இறக்கை முழுவதும் கறுப்பு. குரலும் உதவும். நாட்டு வாத்தைப் போல மணிலா வாத்து கத்துவதில்லை, ஆண் சீறும். மரக்கிளையில் ஏறி அமர்வதை மட்டும் கொண்டு முடிவுசெய்யக் கூடாது, ஏனெனில் இரண்டுமே மரம் ஏறுபவை. நிறமும் முழுச் சான்றாகாது. வளர்ப்பு மணிலா வாத்துகளில் முழு வெள்ளையும் சாம்பல் நீலமும் உண்டு.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டறிவு அன்று. புடைமூக்கு வாத்து 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பில் உள்ள காட்டுப் பறவை. யாரோ வளர்த்துத் தப்பிய வாத்து என்று நினைத்து அதைப் பிடித்துவிட்டால் குற்றமாகும். மாறாக, வீட்டு வாத்தைக் காட்டு வாத்தாகக் கணக்கில் எழுதினால் பதிவேடு பழுதுபடும்.

வந்ததா, தப்பியதா

இனத்தை அறிந்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சும். கிழக்காசியாவின் மாண்டரின் வாத்து 2018இல் நியூயார்க் நகரின் மையப் பூங்காவில் தோன்றியபோது, அது யாரோ வளர்த்துத் தப்பிய பறவையாகவே கொள்ளப்பட்டது. அதே இனம் 2021 பிப்ரவரியில் அசாமின் மாகுரி ஏரியில் காணப்பட்டபோது, வழிதவறிய காட்டுப் பறவையாக மதிக்கப்பட்டது. அதன் இயல்பான வாழிடம் அங்கிருந்து எட்டாத தொலைவில் இல்லை என்பதே வேறுபாடு. மணிலா வாத்துக்கு இப்படிப்பட்ட ஐயம் எழ வழியில்லை. பசிபிக் பெருங்கடலைத் தாண்டி அது தானாக வராது.

தப்பிய வாத்தால் என்ன கேடு என்று கேட்கலாம். வட அமெரிக்கச் செம்பழுப்பு வாத்து பிரிட்டனில் வளர்ப்பிடங்களிலிருந்து தப்பிப் பெருகி, எசுப்பானியா வரை பரவி, அங்கிருந்த அரிய வெண்தலை வாத்தோடு கலந்தது. அந்த இனத்தைக் காக்கப் பிரிட்டன் 2005இல் அயல் வாத்துகளை அழிக்கத் தொடங்க நேர்ந்தது. மணிலா வாத்தும் நாட்டு வாத்தும் சேர்ந்து பிறக்கும் குஞ்சுகள் மலடாக இருப்பதால், அத்தகைய கலப்பு இங்கே பெரிய அச்சமில்லை. பதிவேட்டின் நம்பகம்தான் இங்கே முதன்மையானது. இராமேசுவரம் தீவின் பறவைகளைப் பற்றி சி. எச். பிட்டல்ப் 1938இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதியது போன்ற பழைய பட்டியல்களோடு இன்றைய கணக்கை ஒப்பிட வேண்டுமானால், தப்பியவற்றைத் தனியே குறித்தாக வேண்டும்.

அயல் உயிரி கைமீறியதை இக்கடற்கரை வேறொன்றில் கண்டது. பிலிப்பைன்சு மூலத்தைக் கொண்ட கப்பாபைக்கசு என்ற கடற்பாசி 1990களில் மண்டபம் பகுதியில் சோதனை முறையில் வளர்க்கப்பட்டது. பின்னர் கடலோரப் பெண்கள் பலருக்கு அது வருவாய் தந்தது. 2008இல் குருசடைத் தீவின் பவளப்பாறைகள்மீது அது படர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். உண்மையில் பிலிப்பைன்சிலிருந்து வந்த அந்தப் பாசிக்கு மணிலாப் பெயர் வாய்க்கவில்லை. அதை வளர்க்க ஒப்பந்தமிட்ட நிறுவனத்தின் பெயரால், இங்குள்ள மீனவர் வழக்கில் அது பெப்சிப் பாசி.