நிலத்துக்கு இரண்டு சாட்சிகள்

வில்லா கேதரின் 'மை ஆன்டோனியா' நாவலை (1918) வாசித்தவர்களுக்கு நெப்ராஸ்காவின் புல்வெளி எளிதில் மறக்காது. அதன் நாயகிக்கு முன்மாதிரியாக இருந்தவர் அன்னா பவெல்கா என்ற போஹீமியக் குடியேறி. அவர் வாழ்ந்த பண்ணைவீடு இன்றும் நிற்கிறது. நாவல் புகழ்பெற்றதால் வீடு தானாக நிலைத்துவிடவில்லை. ரெட் கிளவுட் என்னும் சிற்றூரில் மில்ட்ரெட் பென்னட் என்ற ஆசிரியை, ஊர்க்காரர்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு 1955இல் கேதர் நினைவு அமைப்பைத் தொடங்கினார். நாவல்களில் வரும் கட்டடங்களைக் காக்கும் பணி அப்படித்தான் ஆரம்பமானது.

அந்த வாழ்க்கைக்கு அடிப்படை, 1862 மே 20 அன்று ஆபிரகாம் லிங்கன் கையெழுத்திட்ட ஹோம்ஸ்டெட் சட்டம். 21 வயது நிரம்பியவர் அல்லது குடும்பத் தலைவர் 160 ஏக்கர் வரை கோரலாம். மணமாகாத பெண்களும், குடியுரிமை கோரியிருந்த வெளிநாட்டாரும் இதில் அடக்கம். ஐந்தாண்டு குடியிருந்து பயிர் செய்தால் சிறு கட்டணத்தோடு நிலம் சொந்தமாகும். 1976இல் (அலாஸ்காவில் 1986இல்) முடிவுக்கு வருவதற்குள் சுமார் 16 லட்சம் பேர் ஏறத்தாழ 27 கோடி ஏக்கரை இப்படிப் பெற்றனர்.

பட்டா பெற ஒரு நிபந்தனை இருந்தது. உரிமை கோரியவர் அங்கே உண்மையாகவே வாழ்ந்தார் என்று இரண்டு அண்டை அயலார் சாட்சி சொல்ல வேண்டும். வீட்டின் அளவு என்ன, கதவு சன்னல் எத்தனை, உழுத ஏக்கர் எவ்வளவு, கிணறு உண்டா என்பன போன்ற கேள்விகளுக்கான பதில்கள் அரசுக் கோப்புகளில் உள்ளன. எழுதத் தெரியாதவர் கைநாட்டும் இருக்கும். எந்த நாவலாசிரியருக்கும் கிடைக்காத நுணுக்கம் இது. இக்கோப்புகள் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. நெப்ராஸ்கா கோப்புகளை மின்னுருவாக்கும் பணியில் குடும்ப வரலாற்று ஆர்வலர்களான தன்னார்வலர்களும் கைகொடுத்தனர். பழைய தாள்களை ஒவ்வொன்றாக விரித்துப் படமெடுக்கும் அந்த வேலைக்குப் பொறுமை மட்டுமே மூலதனம்.

கோப்பில் முகம் இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் சாலமன் புச்சர். தானே நிலம் கோரி, இரண்டே வாரத்தில் கைவிட்டவர் அவர். 1886 முதல் கஸ்டர் மாவட்டத்தில் குதிரை வண்டியில் சுற்றினார். புல்வேர்ப் பற்றோடு வெட்டிய மண்கட்டிகளால் கட்டிய வீடுகளின் முன்னே குடும்பங்களை நிறுத்திப் படமெடுத்தார். 1899இல் அவர் வீடு எரிந்தது. தானியக் கிடங்கில் இருந்த கண்ணாடித் தகடுகள் தப்பின. அன்று அவையும் எரிந்திருந்தால் நமக்கு அந்த முகங்கள் இல்லை.

இங்கே நாம் நின்று யோசிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. காப்பாற்றப்படுவதே வரலாறாகிறது என்றால், யாரும் காப்பாற்ற முன்வராதவர்களின் கதி என்ன? கென்டக்கியிலிருந்து வந்த, அடிமைத்தளை நீங்கிய கறுப்பின மக்கள் 1877இல் கன்சாஸில் நிக்கோடிமஸ் என்ற ஊரை நிறுவினர். ரயில்பாதை ஊரைத் தொடாமல் போனது, மக்களும் கலைந்தனர். ஆனால் வழித்தோன்றல்கள் ஆண்டுதோறும் கோடையில் ஊர் திரும்பிக் கூடினர். அந்த விடாப்பிடியான வருகையும் முயற்சியும் இல்லாவிடில், 1996இல் கிடைத்த தேசிய வரலாற்றுத் தல அங்கீகாரம் கைகூடியிராது.

இன்னொரு தரப்பு உண்டு. சட்டத்தின்கீழ் முதலில் நிலம் கோரியோரில் ஒருவரான டேனியல் ஃப்ரீமனின் பண்ணை பியட்ரிஸ் நகருக்கு அருகே இருக்கிறது. 1936இல் தேசிய நினைவிடமான அது, 2021 முதல் தேசிய வரலாற்றுப் பூங்கா. அந்தப் பகுதி ஓட்டோ-மிசூரியா மக்களின் வாழிடம். 1854 ஒப்பந்தத்தால் பெரும்பகுதியை இழந்தார்கள். எஞ்சிய நிலத்திலிருந்தும் 1881 வாக்கில் இன்றைய ஓக்லஹோமாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 'இலவச நிலம்' என்ற சொல்லின் விலையைக் கொடுத்தவர்கள் இவர்கள்தாம். அவர்கள் அங்கே வாழ்ந்தார்கள் என்று சொல்ல அன்று எந்த அலுவலகமும் சாட்சி கேட்கவில்லை.

இன்று ஒரு பழைய தாளை விரிப்பவரும், இடிந்த வீட்டுக்குக் கூரை வேய்பவரும் அந்த அயலார் சாட்சியைத்தான் மீண்டும் சொல்கிறார்கள்: இவர்கள் இங்கே இருந்தார்கள். சம்பளமில்லாத அந்தச் சாட்சி, பட்டா பெற்றவரோடு நின்றுவிடாமல், பட்டா கேட்க வாய்ப்பே இல்லாதவர்களுக்கும் கிட்ட வேண்டும். அப்போதுதான் அது முழுச் சாட்சியாகும்.