எண்ணும் ஏற்பும்: விளையாட்டு வரலாற்றில் இரு மைல்கற்கள்

விளையாட்டு வரலாறு பெரிதும் எண்களாலேயே எழுதப்படுகின்றது. எத்தனை ஓட்டங்கள், எத்தனை இலக்குகள் என்பன ஏட்டிற் பதிந்துவிடின், பின்னர் அவற்றை மறுப்பார் இலர் என்று பலர் கருதுவர். உண்மை அவ்வாறன்று. ஓர் எண் ஏட்டில் ஏறுதல் வேறு. உலகம் அதனை மனமுவந்து ஏற்றல் வேறு. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரத்தினை அமெரிக்க நாட்டு ஹாங்க் ஆரன், இலங்கை நாட்டு முத்தையா முரளிதரன் ஆகிய இருவர்தம் வரலாறும் நன்கு புலப்படுத்தும்.

பேஸ்போல் எனப்படும் அடிபந்தாட்டம் அமெரிக்க மக்களின் பெருவிருப்பிற்குரியது. துடுப்பாட்டத்திற் போலவே இதிலும் ஒருவர் பந்தை வீச, மற்றொருவர் அதனை மட்டையால் அடிப்பார். பந்தை மைதான எல்லைக்கு அப்பால் அடித்து, நான்கு தளங்களையும் தடையின்றிச் சுற்றிவருதலை 'ஹோம் ரன்' என்பர். 1935இல் ஓய்வுபெற்ற பேப் ரூத் என்பார் 714 ஹோம் ரன்களைப் பெற்றிருந்தார். அவர் காலத்தில் அந்நாட்டின் உயர்நிலைக் கழகங்களிற் கறுப்பின மக்களுக்கு இடமில்லை. 1947 ஏப்ரல் 15ஆம் நாள் ஜாக்கி ரொபின்சன் களமிறங்கியபோதே அத்தடை தகர்ந்தது.

அவர் திறந்த வழியில் வந்தவரே ஆரன். 1934இற் பிறந்த இவர் 1952இற் கறுப்பினத்தவர்க்கென இருந்த கழகமொன்றில் ஆடி, 1954இல் உயர்நிலை ஆட்டத்தினுட் புகுந்தார். 1973ஆம் ஆண்டுப் போட்டிகள் முடிவுற்றபோது அவர் கணக்கு 713 ஆயிற்று. ரூத்தின் எண்ணைக் கறுப்பர் ஒருவர் கடத்தலைப் பொறாதார், அவரைக் கொன்றுவிடுவதாகவும் அச்சுறுத்திக் கடிதங்கள் விடுத்தனர். ஆரன் ஆட்டத்தை விட்டாரல்லர். 1974 ஏப்ரல் 8ஆம் நாள் அட்லாண்டா நகரில் அவர் 715ஆவது ஹோம் ரன்னைப் பெற்றார். முப்பத்தொன்பது ஆண்டுகள் நிலைத்த சாதனை அன்று வீழ்ந்தது. தமக்கு வந்த வசைக் கடிதங்களை அவர் அழித்துவிடாது பேணிவைத்தார். மறக்கலாகாத வரலாற்றுக்கு அவை சான்றுகளன்றோ!

இனி இலங்கைக்கு வருவோம். முரளிதரன் 1972 ஏப்ரல் 17ஆம் நாள் கண்டியிற் பிறந்தவர். தேயிலைத் தோட்டத் தொழிலுக்கெனத் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பத்தின் வழிவந்தவர். 1977ஆம் ஆண்டு இனக்கலவரத்தில் அவர் தந்தையாரின் பிசுக்கோத்துத் தொழிற்சாலை தீக்கிரையாயிற்று. நாடு போரினாற் பிளவுண்டிருந்த வேளையில், தமிழர் மிகச் சிலரே இடம்பெற்ற தேசிய அணியில் 1992இல் அவர் சேர்ந்தார்.

1995 டிசம்பர் 26ஆம் நாள் மெல்பேர்ண் மைதானத்தில், நடுவர் டரல் ஹெயர் அவரது பந்துவீச்சை ஏழுமுறை முறையற்றதெனத் தீர்த்தார். அவர் பந்தை வீசவில்லை, எறிகின்றார் என்பதே குற்றச்சாட்டு. வளைந்த முழங்கை பந்துவீசும்போது நிமிர்தலையே விதி தடுத்தது. முரளிதரனின் முழங்கையோ பிறவியிலேயே முற்றும் நிமிராதது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்திலும் ஹொங்கொங்கிலும் நிகழ்ந்த ஆய்வுகள், எறிவதுபோன்ற தோற்றம் கண்ணின் மயக்கமே என்று காட்டின. ஆயினும் 1999இல் அடிலெய்டில் மற்றொரு நடுவரும் அவ்வாறே தீர்க்க, அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க தம் வீரரை மைதான எல்லைவரை அழைத்துச் சென்று எதிர்ப்பைக் காட்டினார்.

2004இல் அவரது 'தூஸ்ரா' என்னும் பந்துவகை சோதிக்கப்பட்டபோது, கை நிமிரும் அளவு சுழற்பந்து வீச்சாளர்க்கு வகுத்திருந்த 5 பாகையை மீறியது. அதே காலத்து நுண்படக் கருவி ஆய்வுகளோ, ஐயத்திற்கே உட்படாத புகழ்வாய்ந்த வேகப்பந்து வீச்சாளர் பலரும் தமக்குரிய எல்லையை மீறினர் என வெளிப்படுத்தின. ஆதலின் 2005இல் எல்லார்க்கும் 15 பாகை என்னும் ஒரே அளவு வகுக்கப்பட்டது. ஒருவருக்காக விதி வளைந்தது என்பார் உளர். ஒருவர்மேல் எழுந்த ஐயத்தினால் அனைவரும் அளக்கப்பட்டனர் என்பதே பொருத்தமாகும்.

2007 டிசம்பர் 3ஆம் நாள் கண்டி அஸ்கிரிய மைதானத்தில் முரளிதரன் 709ஆவது இலக்கை வீழ்த்தி ஷேன் வோர்னின் 708ஐக் கடந்தார். இறுதி டெஸ்ட் போட்டி 2010இற் காலியில் நிகழ்ந்தது. 2004 டிசம்பர் 26இல் ஆரையம்பதி முதலான மட்டக்களப்புக் கரையோர ஊர்களிற் பேரழிவு விளைத்த கடற்கோள் காலி மைதானத்தையும் சிதைத்திருந்தது. மீண்டெழுந்த அம்மைதானத்தில் 800ஐ எட்ட அவருக்கு எட்டு இலக்குகள் வேண்டியிருந்தன. ஜூலை 22ஆம் நாள், தமது டெஸ்ட் வாழ்வின் இறுதிப் பந்தில், மகேல ஜயவர்தனவின் பிடியினால் பிரக்யான் ஓஜாவை வெளியேற்றி அவ்வெண்ணை நிறைவுசெய்தார். 133 போட்டிகளிற் பெற்ற அப்பேறு இன்றும் முறியடிக்கப்படவில்லை.

இருவர் நிலையும் முற்றும் ஒன்றெனல் ஆகாது. ஆரனை எதிர்த்தது வெளிப்படையான இனவெறி. முரளிதரனை ஐயுற்றாருள் விதியின்பாற் கொண்ட பற்றினால் நேர்மையாக ஐயுற்றாரும் இருந்தனர். முன்னையதற்கு மறுமொழி மனவுறுதி. பின்னையதற்கு மனவுறுதியோடு அளவையும் வேண்டியிருந்தது. கண்ணாற் கண்டதே முடிபு என்று அறிவுலகம் அமைந்துவிடின், மெல்பேர்ணிலேயே அவர் வரலாறு முடிந்திருக்கும். ஒருவரை அளக்கும் கோல் எல்லாரையும் அளத்தல் வேண்டும். அப்பொழுதே அளவை நீதியாகின்றது. வகுப்பறையிலும் நீதிமன்றிலும் ஆட்சிமன்றிலும் இவ்வுண்மை பொருந்தும். 715, 800 என்னும் எண்கள் வருங்காலத்தாரால் மேலும் கடக்கப்படலாம். 2007இல் ஆரனின் மொத்தமான 755உம் கடக்கப்பட்டதன்றோ? அவ்வெண்களை அடைந்த வழியே என்றும் கற்றற்குரியது.