ஒளிப்படமும் நோயாளியின் மொழியும்: மருத்துவக் கல்வியில் மீள்சிந்தனையின் வரலாறும் அல் கோபாரும்

நோயாளி தம் படத்தைத் தாமே காண்பது குணமடைய உதவும் என்னும் கருத்து மருத்துவ ஒளிப்படக் கலையின் தொடக்கத்திலேயே இருந்தது. இங்கிலாந்தின் சர்ரி மனநல விடுதியில் பணியாற்றிய ஹியூ வெல்ச் டயமண்ட் 1856இல் ராயல் சொசைட்டியில் இதனை எடுத்துரைத்தார். ஆயினும், 1870களில் பாரிஸின் சால்பெட்ரியேர் மருத்துவமனை வெளியிட்ட படத்தொகுதிகளில் நோயாளி வெறும் சான்றுப்பொருளாகிவிட்டார். பார்க்கும் உரிமை மருத்துவருக்கு மட்டுமே எஞ்சியது.

அவ்வுரிமை இடம் மாறியது 1990களில், சீனாவின் யுன்னான் மாகாணத்தில். கேரலைன் வாங், மேரி ஆன் பரிஸ் ஆகியோர் 62 கிராமப் பெண்களின் கையில் ஒளிப்படக் கருவியைத் தந்தனர். தாய் வேலை செய்கையில் வயலில் தனியே கிடத்தப்பட்ட குழந்தையின் படம், குழந்தைக் காப்பகத்தின் தேவையை அதிகாரிகளுக்கு உணர்த்திற்று. படம் தனியே பேசவில்லை என்பதே இங்குக் கருதத்தக்கது. இங்கே என்ன தெரிகிறது, உண்மையில் என்ன நடக்கிறது, இது நம் வாழ்வோடு எவ்வாறு தொடர்புடையது, ஏன் இந்நிலை, என்ன செய்யலாம் என்பன ‘ஃபோட்டோவாய்ஸ்’ எனப் பெயர்பெற்ற இம்முறையின் வினாக்கள். படமெடுத்தவர் தம் மொழியில் கூறிய கதையே படத்தைப் பொருளுடையதாக்கியது.

மருத்துவக் கல்லூரிகளுக்கு மீள்சிந்தனை வேறு வழியில் வந்தது. டொனால்ட் ஷோன் 1983இல் எழுதிய நூல் கட்டடக் கலைஞர், பொறியாளர், உளச்சிகிச்சையாளர் ஆகியோரின் செயல்வழிச் சிந்தனையை ஆராய்ந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ரீட்டா சாரோன், மருத்துவமனைக் குறிப்பேட்டில் இடம்பெறாதவற்றை மாணவர் எளிய நடையில் எழுதும் இணைக் குறிப்பேட்டைப் புகுத்தினார். பயனுள்ள ஏற்பாடு இது. எனினும் எழுதுபவர் மாணவரே, நோயாளி அல்லர். மதிப்பெண்ணுக்குரிய பயிற்சியாகும்போது, மாணவர் தம் மனவுருக்கத்தை எழுதி முடித்துக்கொள்ள, நோயாளி மீண்டும் சான்றுப்பொருளாகிவிடுகிறார்.

சவூதி அரேபியாவின் கிழக்கு மாகாணத்திலுள்ள அல் கோபாரில் இச்சிக்கல் கூர்மையடைகிறது. முத்துக்குளித்தலும் மீன்பிடித்தலும் நிகழ்ந்த சிற்றூர், 1938இல் தம்மாம் ஏழாம் கிணற்றில் வணிக அளவில் எண்ணெய் கிடைத்தபின் நகராகத் தொடங்கியது. 1975இல் நிறுவப்பட்ட கிங் பைசல் பல்கலைக்கழகத்தின் தம்மாம் மருத்துவக் கல்லூரி, இன்று இமாம் அப்துல் ரகுமான் பின் பைசல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. அதன் பயிற்று மருத்துவமனை அல் கோபாரில் உள்ளது. பாடமொழி ஆங்கிலம், நாட்டின் மொழி அரபு. நகரில் உழைப்போரோ தமிழ், மலையாளம், உருது, வங்காளம் எனப் பல மொழியினர்.

வளைகுடா சென்ற தமிழர் ஊருக்கு அனுப்பிய படங்களும் நினைக்கத்தக்கவை. படநிலையத்தில் புதுச் சட்டையும் கைக்கடிகாரமுமாய் எடுக்கப்பட்ட படம் நலத்தை அறிவித்தது, நோயை மறைத்தது. ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணி வரை திறந்தவெளி வேலைக்குச் சவூதியில் விதிக்கப்பட்டுள்ள தடை அவ்வெயிலின் கடுமைக்குச் சான்று. அக்கடுமை குடும்பப் படப்பெட்டியில் இல்லை. இத்தகைய படம் ஒன்றை மாணவர்முன் வைத்து மீள்சிந்திக்கச் சொன்னால், படத்தில் உள்ளவரின் சொல் இல்லாதவரை விடை மாணவரின் ஊகமாகவே அமையும். விடுதியறையையோ பணியிடத்தையோ தொழிலாளியே படமெடுப்பதென்றால், வேலை பறிபோகும் அச்சத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். அங்கு ஒப்புதல் படிவம் மட்டும் போதாது.

மொழியின் இடத்தைத் தமிழ் மருத்துவ வரலாறு முன்பே அறிந்துள்ளது. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் சாமுவேல் பிஸ்க் கிறீன் முதலில் ஆங்கிலத்தில் கற்பித்தார். அவ்வாறு பயின்றவர் கிராமத்தில் தங்காமல் அரசுப் பணி தேடிச் செல்லவே, 1860களில் தமிழுக்கு மாறினார். ‘இரண வைத்தியம்’ (1867), ‘மனுஷ அங்காதிபாதம்’ (1872) முதலிய நூல்கள் அம்முயற்சியின் விளைவு. அவை மருத்துவருக்குக் கலைச்சொல் அளித்தன. நோயாளியின் சொற்களோ வேறு: குத்தல், குடைச்சல், உளைச்சல், கடுப்பு, எரிச்சல். ஒவ்வொன்றும் வலியின் வெவ்வேறு இயல்பைச் சுட்டுகிறது. அல் கோபாரின் படுக்கையருகே, அரைகுறை உருதுவோ இந்தியோ அறிந்த சக தொழிலாளியின் வழியே இவ்வைந்தும் ஒரே சொல்லாகச் சுருங்கிவிடக்கூடும். ஒளிப்படத்தில் இவ்வேறுபாடு பதிவதில்லை. ஐந்து வினாக்களில் முதல் வினாவைக்கூட நோயாளியிடம் தமிழில் கேட்பதற்கு, மாணவருக்கு அருகே பயிற்சிபெற்ற ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.