ஒயில் ஒழுக்கு சொல்லும் ஒரு வரலாறு



கோடை காலத்தில் பிரித்தானியாவின் கிராமப்புறங்களில் நடக்கும் பழைய இயந்திரக் கண்காட்சிகளுக்குப் போனவர்கள், அங்கே வரிசையாக நிற்கும் சாம்பல் நிறச் சின்ன உழவு இயந்திரங்களைக் கண்டிருப்பீர்கள். அதன் முகப்பில் 'பேர்குசன்' என்ற பெயர் இருக்கும். வன்னியில் வயல் செய்த எங்கள் பெரியவர்களுக்கு அது அந்நியமானதல்ல. ஊரில் ஓடிய சிவப்பு நிற 'மசி பேர்குசன்' 35, 135 ஆகியவற்றுக்கு அது மூத்த அண்ணன்.

இந்தப் பழைய இயந்திரங்களை வைத்திருப்பவர்கள் எல்லோரும் சொல்லும் குறை ஒன்றுதான்: பின்னால் தூக்கிய கலப்பை தூக்கியபடி நிற்காது, மெல்ல மெல்ல இறங்கிவிடும். ஹைட்ரோலிக் ஒயில் எங்கோ ஒழுகுகிறது. இந்தச் சின்ன ஒழுக்கைத் தேடிப் போனால், உழவின் வரலாற்றையே மாற்றிய ஒரு கதைக்குள் நுழைந்துவிடலாம்.

ஹரி பேர்குசன் 1884இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவரும் அவரே. முதலாம் உலகப் போரில் உணவுத் தட்டுப்பாடு வந்தபோது, உழவு இயந்திரங்களின் வேலையைக் கவனிக்கும் பொறுப்பு 1917இல் அவரிடம் கொடுக்கப்பட்டது. அப்போதுதான் ஒரு பெரிய ஆபத்தைக் கண்டார்.

அக்காலத்தில் கலப்பையை மாட்டுவண்டி போலப் பின்னால் கொழுவி இழுத்தார்கள். கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் அது நின்றுவிடும். சில்லோ சுழன்றுகொண்டே இருக்கும். இயந்திரத்தின் முன்பக்கம் மேலெழுந்து, அப்படியே பின்னோக்கிப் புரண்டு சாரதியை நசுக்கிவிடும். இப்படி இறந்தவர்கள் பலர்.

வில்லியம் சாண்ட்ஸ், ஆர்ச்சி கிரியர் ஆகியோருடன் சேர்ந்து பேர்குசன் பல வருடங்கள் உழைத்துக் கண்ட விடைதான் மூன்று முனை இணைப்பு. கீழே இரண்டு கைகள், மேலே ஒரு கை. கலப்பை தடைப்பட்டால் மேற்கை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளல் முன்சில்லை நிலத்தோடு அழுத்தி வைக்கும். அதோடு, அதே தள்ளல் ஒரு ஸ்பிரிங்கை அமுக்கி ஹைட்ரோலிக் வால்வைத் திறந்து, கலப்பையைத் தானாகவே சற்று உயர்த்திவிடும்.

1936இல் டேவிட் பிரவுன் நிறுவனம் இந்த முறையுடன் இயந்திரம் செய்தது. 1938இல் பேர்குசன் அமெரிக்கா சென்று ஹென்றி போர்ட்டுக்குச் செய்து காட்டினார். எழுத்து ஒப்பந்தம் எதுவும் இல்லை. இருவரும் கைகுலுக்கினார்கள், அவ்வளவுதான். 1939இல் வந்த போர்ட் 9என் இயந்திரமும் அதன் போர்க்கால வடிவமும் சேர்ந்து 3 இலட்சத்துக்கும் மேல் விற்றன.

கைகுலுக்கல் அதைச் செய்த மனிதரோடு போய்விட்டது. போர்ட்டின் பேரன் நிர்வாகத்துக்கு வந்ததும் உறவு முறிந்தது. 1947இல் அதே தூக்கும் முறையுடன் பேர்குசன் இல்லாமலே புதிய இயந்திரம் வந்தது. 1948இல் பேர்குசன் 25 கோடி டொலருக்கு மேல் நட்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1952இல் 92.5 இலட்சம் டொலருடன் வழக்கு சமரசமாக முடிந்தது. அதன்படி போர்ட் நிறுவனம் பம்ப் ஒயிலை உறிஞ்சும் பக்கத்தில் வால்வு வைக்கும் அமைப்பைக் கைவிட வேண்டியிருந்தது. விரலளவு வால்வுக்கு இருந்த பெறுமதியைப் பாருங்கள்!

இதற்கிடையில் 1946 முதல் கொவென்றி நகரின் பானர் லேன் தொழிற்சாலையில் ரிஈ20 என்ற சாம்பல் நிற இயந்திரம் உற்பத்தியானது. 1956 வரை 5 இலட்சத்துக்கும் மேல் செய்தார்கள். 1953இல் பேர்குசன் நிறுவனம் கனடாவின் மசி ஹரிஸ் நிறுவனத்துடன் இணைந்தது. அதுவே பின்னர் மசி பேர்குசன் ஆனது. 1960இல் சென்னையிலும் 'டாஃபே' நிறுவனம் தொடங்கி அந்த வகை இயந்திரங்களைச் செய்தது. கொவென்றி தொழிற்சாலை 2002இல் மூடப்பட்டது. இன்று அங்கே குடியிருப்பு வீடுகள் இருக்கின்றன.

இனி ஒழுக்குக்கு வருவோம். பேர்குசனில் பம்ப் வெளியே தெரியாது. ஆசனத்துக்குக் கீழே, கியர் பெட்டியின் ஒயிலுக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும். தூக்கும் உருளைக்குள் அடைபட்ட ஒயில்தான் கலப்பையைத் தாங்கி நிற்கிறது. அது எங்கே கசிந்தாலும் கலப்பை இறங்கும். சில இயந்திரங்களில் வால்வு அதை மீண்டும் தூக்க, கலப்பை தலையாட்டிக்கொண்டே நிற்கும்.

நல்ல மெக்கானிக் எடுத்தவுடன் கழற்ற மாட்டார். முதலில் ஒயிலின் அளவையும் நிறத்தையும் பார்ப்பார். பால் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. மேற்கை பொருந்தும் இடத்திலுள்ள ரப்பர் உறை கிழிந்திருக்கலாம். பிறகு பின்பக்கத்தைக் கழுவித் துடைத்து, ஓட்டி, எங்கே ஈரம் படிகிறது என்று பார்ப்பார். தூக்கும் கைகள் பொருந்திய தண்டின் இரு முனைகளிலும் கசிந்தால் அங்குள்ள சீல் போய்விட்டது. வெளியே காய்ந்திருந்தும் கலப்பை இறங்கினால் கசிவு உள்ளே. ஒயிலை வேண்டிய அளவு வடித்து, பக்கத் தகட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பார்க்க வேண்டும். உருளையின் வாயால் வடிந்தால் பிஸ்ரன் வளையம் தேய்ந்திருக்கிறது. 35, 135 ஆகியவற்றில் பம்பிலிருந்து மேலே போகும் குழாயின் மூட்டில் வடிந்தால் அங்குள்ள ரப்பர் வளையம் பழுது. பம்பின் உடலிலேயே வடிந்தால் வால்வைப் பார்க்க வேண்டும்.

இதில் கவனம் தேவை. தூக்கிய பாரத்தின் கீழ் ஒருபோதும் கையையோ தலையையோ வைக்கக் கூடாது. அழுத்தத்தில் பீறிடும் ஒயிலை விரலால் தடவிப் பார்க்கவும் கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

ஒரே ஒயில்தான் ஹைட்ரோலிக்குக்கும் கியர் பெட்டிக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஒழுக்கைக் கவனிக்காமல் விட்டால் பற்சக்கரங்களும் காய்ந்துவிடும். பின் அச்சின் சீல் கசிந்தால் ஒயில் பிரேக்கில் படிந்து, பிரேக் பிடிக்காது. பெட்டி நிறையப் பாரம் ஏற்றிய இயந்திரத்துக்கு அது உயிராபத்து.

எங்கள் மக்களுக்கு இது வெறும் இயந்திரப் பாடம் அல்ல. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையால் எரிபொருளும் உதிரிப்பாகங்களும் வடக்கில் அரிதாகின. 1995 ஒக்டோபரில் வலிகாமம் இடம்பெயர்ந்தபோதும், 2009 வரை வன்னியில் ஊர் ஊராக இடம்பெயர்ந்தபோதும், முதியவரையும் குழந்தைகளையும் நெல் மூட்டையையும் சுமந்தவற்றில் உழவு இயந்திரப் பெட்டிகளும் இருந்தன. அவற்றை ஓட வைத்தவர்கள் பெயர் தெரியாத கராஜ்காரர். அவர்கள் பார்த்துப் பார்த்து மாற்றிய சீல்களை நம்பித்தான் பல குடும்பங்கள் அந்தப் பெட்டிகளில் ஏறின.

பேர்குசன் தன் இயந்திரத்துடன் ஒரு ஸ்பனர் கொடுத்தார். பெரும்பாலான நட்டுகளுக்கு அது ஒன்றே போதும். அளவுகோலாகவும் பயன்படும்படி அதில் அங்குலக் கோடுகளும் இருந்தன. சொந்தக்காரனே திருத்தட்டும் என்பதுதான் அதன் பொருள். இன்றோ பல புதிய இயந்திரங்களைத் திருத்த நிறுவனத்தின் கணினி மென்பொருள் வேண்டும். அந்த உரிமை கேட்டு அமெரிக்க விவசாயிகள் போராடியதால் 2023இல் கொலராடோ மாநிலம் ஒரு சட்டமே இயற்றியது.

நேயர்களே, திருத்தும் அறிவும் ஒரு சொத்து. உங்கள் வீட்டிலும் பழைய மெக்கானிக் ஒருவர், அப்பாவாகவோ தாத்தாவாகவோ, இருக்கக்கூடும். அவரிடம் பிள்ளைகளை இருத்தி, தடைக்காலத்தில் எதை எப்படித் திருத்தினீர்கள் என்று கேட்கச் சொல்லுங்கள், பதிந்தும் வையுங்கள். எங்கள் வரலாற்றில் அதுவும் ஒரு பக்கம்.