மணியோசையும் உயிர்க்கடிகாரமும்

சில ஆண்டுகளுக்கு முன், குலசேகரன்பட்டினத்துக்கு அருகிலுள்ள கடற்கரைப் பங்கு ஒன்றில் பணியாற்றியபோது, பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விடியற்காலை 5 மணிக்குச் சிறப்பு வகுப்பு நடத்தினேன். மாணவன் ஒருவன் நாள்தோறும் தூங்கி வழிந்தான். ஒரு நாள் எல்லார் முன்னிலையிலும் அவனைச் சோம்பேறி என்று கடிந்துகொண்டேன். அன்று மாலையே அவனுடைய தாய் வந்தார். "பத்து மணிக்கே படுத்துருதான் சாமி. பன்னெண்டு மணி வரைக்கும் பொரண்டுக்கிட்டே கெடக்கான், உறக்கம் வரமாட்டேங்கு" என்றார். அச்சொற்களை நான் நம்பவில்லை. பின்னர் உறக்கத்தின் வரலாற்றைப் படித்தபோதுதான், அத்தாய் சொன்னது உண்மை என்பதும், நான் சொன்னது அநீதி என்பதும் புலனாயின.

பாண்டிய மன்னன் குலசேகரனின் பெயரைத் தாங்கிய இப்பழந்துறைமுகத்தில் நெடுங்காலம் ஞாயிறே கடிகாரமாக விளங்கியது. பனையேறிகள் இருள் பிரியுமுன் பதநீர் இறக்கச் சென்றனர். மீனவர்கள் காற்றையும் கடலையும் பார்த்துப் படகு தள்ளினர். எண்ணெய் விளக்கு அணைந்ததும் ஊரும் உறங்கியது. தசரா விழாவின் நிறைவு நாளில் நள்ளிரவுக் கடற்கரையில் ஊரே விழித்திருக்கும். கிறிஸ்து பிறப்பு இரவில் நம் ஆலயங்கள் விழித்திருக்கும். ஆயினும் அவை ஆண்டில் ஓரிரு இரவுகளே.

பின்னர் இரயில் வந்தது. அதனுடன் கடிகார நேரமும் வந்தது. முதலில் சென்னை நேரம். 1906 முதல் நாட்டுக்கெனப் பொது நேரம். இந்த இந்திய நேரம் 82½ பாகை கிழக்கு நெடுங்கோட்டை ஒட்டியது. குலசேகரன்பட்டினமோ ஏறத்தாழ 78 பாகையில் அமைந்துள்ளது. எனவே நம் கைக்கடிகாரம் இவ்வூர் ஞாயிற்றைவிடச் சராசரியாக 18 நிமிடங்கள் முந்தி ஓடுகிறது. நான் 5 மணிக்கு அடித்த மணி, ஞாயிற்றின் கணக்கில் 4.42 க்கே ஒலித்தது. 1944 இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. தாமிரபரணித் தண்ணீர் விளக்காக எரிந்தது. அதன்பின் தொலைக்காட்சியும் கைபேசியும் வந்தன. விடியற்காலை முன்னே வந்தது. இரவோ பின்னே நீண்டது. இவ்விரண்டுக்கும் நடுவில் நெரிபட்டது பிள்ளைகளின் உறக்கம்.

உடலுக்குள்ளும் ஒரு கடிகாரம் உண்டு என்பதற்கு முதல் சான்று தந்தது ஒரு செடி. 1729 இல் பிரான்சு நாட்டு அறிஞர் தெ மைரான், தொட்டாற்சிணுங்கி வகைச் செடி ஒன்றை இருட்டில் வைத்தார். வெளிச்சம் இல்லாதபோதும் இலைகள் உரிய வேளையில் விரிந்து மூடின. மனிதரிடத்தில் இதனை ஆராய்ந்த பெருமையில் நம் மதுரைக்கும் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், பகல் வெளிச்சமும் கடிகாரமும் எட்டாத தனியறை ஒன்றை அமைத்தார். தாமாக முன்வந்தவர்கள் அதில் நாள்கணக்கில் தங்கினர். வெளியுலகின் குறிப்பு ஏதுமின்றியும் அவர்கள் உறங்கி விழித்தனர். ஆனால் அவர்களுடைய நாள் 24 மணி நேரத்தைத் தாண்டி நீண்டது. நாள்தோறும் அதைத் திருத்தி நிறுத்துவது காலை வெளிச்சமே.

அமெரிக்க ஆய்வாளர் மேரி கார்ஸ்கடன் 1970 களில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சிறுவர் சிறுமியரைக் கோடைக்காலங்களில் தங்கவைத்து ஆராய்ந்தார். வளர வளர உறக்கத் தேவை குறையும் என்பது அன்றைய எண்ணம். ஆனால் பருவமடைந்தோர்க்கும் 9 மணி நேரத்துக்குக் குறையாத உறக்கம் தேவைப்பட்டது. பருவமாற்றத்துடனேயே உறக்க வேளையும் பின்தள்ளிப் போகிறது என்பதை 1993 இல் அவர் எடுத்துக்காட்டினார். இரவு வந்துவிட்டது என உடலுக்கு அறிவிக்கும் மெலடோனின் என்னும் சுரப்பு, அவ்வயதினரிடம் காலந்தாழ்த்தியே எழுகிறது. இரவு வெளிச்சம் அதனை மேலும் தாமதப்படுத்துகிறது.

இத்தகைய பிள்ளையை இருட்டில் எழுப்பினால் இழப்பு அறிவுக்கே. கவனம் சிதறும், கேட்டதை மனத்தில் நிறுத்திக் கணக்கிடும் ஆற்றல் தளரும், சினம் எளிதில் மூளும். பகலில் கற்றதை மூளை உறக்கத்தில்தான் உறுதிப்படுத்திக்கொள்கிறது. விடியலை ஒட்டிய கனவுறக்கமோ அதிகாலை மணியால் வெட்டுண்டு போகிறது. பள்ளி 7.20 க்கே தொடங்கிய மாணவர்களைக் கார்ஸ்கடன் ஆராய்ந்து 1998 இல் வெளியிட்டார். காலை 8.30 க்குப் படுக்கவைத்தபோது, அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் சில நிமிடங்களில் கனவுறக்கத்தில் ஆழ்ந்தனர். அவர்கள் உடல் வகுப்பில் இருந்தது. மூளையோ இன்னும் இரவில் இருந்தது.

இவ்வுண்மையை உணர்ந்து, மினசோட்டா மாநிலத்து எடைனா நகரம் 1996 இல் உயர்நிலைப் பள்ளி தொடங்கும் நேரத்தை 7.20 இலிருந்து 8.30 ஆக்கியது. 2014 இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் இதையே பரிந்துரைத்தது. கலிபோர்னியாவில் 2022 முதல் இதுவே சட்டம். நம் பள்ளிகள் பெரும்பாலும் 9 மணியை ஒட்டித் தொடங்குவது நற்பேறே. ஆனால் அந்நன்மையை விடியற்காலைத் தனிப்பயிற்சிகளால் நாமே அழித்துவிடுகிறோம்.

குருமடத்து மணியில் வளர்ந்த எனக்கு அதிகாலை எழுவதே ஒழுக்கமாகத் தோன்றியது. ஆனால் துறவியரை இரவில் எழுப்பிச் செபிக்கச் செய்த புனித பெனடிக்டே, 6 ஆம் நூற்றாண்டில் எழுதிய தம் ஒழுங்குநூலில், குளிர்காலத்தில் பாதி இரவுக்கும் சற்றுக் கூடுதலாக அவர்கள் உறங்க வேண்டும் என்று வகுத்திருந்தார். எழும்போது உறக்கம் மிகுந்தோர்க்கு மென்மையாக ஊக்கமூட்டவும் சொன்னார். நான் மணியை மட்டும் கற்றேன், மென்மையைக் கற்கவில்லை.

மதுரை ஆய்வாளர்களின் இன்னொரு கண்டுபிடிப்பும் சிந்திக்கத்தக்கது. இருட்குகையில் தனியே அடைக்கப்பட்ட வௌவால் காலக்கணக்கில் விலகிப்போனது. தன் கூட்டம் வாழும் குகையில் வைக்கப்பட்டதோ, கூட்டத்தோடு ஒத்து நடந்தது. மனிதர் வௌவால்கள் அல்லர். ஆயினும் பெற்றோர் நள்ளிரவு வரை தொலைக்காட்சி முன் அமர்ந்துகொண்டு, பிள்ளையை மட்டும் உறங்கு என்பது முறையாகுமா? வீடு முழுவதும் ஒரே வேளையில் விளக்கணைக்கட்டும். காலையில் பிள்ளை வெளிச்சத்தில் நிற்கட்டும். அதன்பின்னும் தாமதமானால், அதைப் பாவக்கணக்கில் சேர்க்காதிருப்போம்.

குலசேகரன்பட்டினத்தில் விண்வெளி ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டப்பட்டது. நொடிகளை எண்ணி ஏவுகலம் எழவேண்டிய மண் இது. அதனை எழுப்ப விழையும் நம் பிள்ளைகளுக்குத் தெளிந்த மூளை வேண்டும். எங்கள் சிறப்பு வகுப்பை மாலை 6.30 க்கு மாற்றினேன். அந்த மாணவனிடம் மன்னிப்பும் கேட்டேன். "பரவாயில்ல சாமி" என்று அவன் சிரித்தான். அன்று அவன் தூங்கி வழியவில்லை.